அடுத்த வருஷம் பார்ப்போம்

வாசலில் நின்று சலாம் சொல்லிவிட்டு அவள் பின்னால் நகர்ந்து முற்றத்து வெயிலில் நிற்பாள். கதவு திறந்தே கிடந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டாள். மூன்று தரம் சொல்லியும் பதில் வராவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடுவாள். உம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்து சலாம் காதில் விழாமல் போன நாட்களில், அவள் எங்களுக்கென்று கொண்டுவந்த மீன்சட்டி திரும்பிப் போயிருக்கிறது. மேற்குக் கடல் முழுவதையும் பிடித்து நிறுத்தி வைத்திருந்தவள் அவள். எங்கள் வீட்டு வாசற்படியை மட்டும் ஒரு நாளும் கேட்காமல் மிதித்ததில்லை.

நான் பிறந்த காலத்திலேயே கற்பிட்டியில் கடல் ஊரைவிட உயரத்தில்தான் இருந்தது. கரைக்குப் போனால் குனிந்து பார்ப்பதில்லை, அண்ணாந்துதான் பார்ப்போம். கூரை உயரத்துக்குப் பச்சைச் சுவராக நிற்கும். உள்ளே சூடை மீன் கூட்டம் போவது தெரியும். படகுகளைச் சரிவுப் பாதையில் மேலே தள்ளி ஏற்றித்தான் தொழிலுக்குப் போவார்கள். புத்தளத்திலிருந்து முதன்முதலாக வருகிறவர்கள் அதைக் கண்டதும் வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு மாதிரிப் பழகிப்போயிருந்தது. ஒன்றே ஒன்றுதான். அவள் தும்மினால் ஊரே கைவேலையை விட்டுவிட்டு ஒரு கணம் மேற்கே பார்க்கும்.

அவளைப் போன்றவர்களை மற்ற ஊர்களில் மௌத்தில்லாதவர்கள், சாவே வராதவர்கள், என்பார்கள். எங்கள் மவ்லவி அந்தச் சொல்லை விடமாட்டார். "மௌத்தில்லாத ஆள் எண்டு ஒருத்தரும் இல்ல. அவங்களுக்குப் பிந்தியிரிக்கு, அவ்வளவுதான்," என்று திருத்துவார். அதனால் எங்கள் ஊரில் அவர்கள் பிந்தினவர்கள். சூரியன் விழும் மஃரிப் நேரத்தில் மேற்கு வானத்தில் ஒளிக்கயிறு கட்டினாற்போல் ஒரு வளையம் தெரியும். அவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். மழையை நிறுத்துவது, மலையை நகர்த்துவது எல்லாம் அவர்களுக்குப் பாய் உதறுகிற வேலை. வருஷத்துக்கு ஒரு தேக்கரண்டி மருந்து குடிப்பார்கள். உயிரும் அந்த வல்லமையும் இரண்டும் அதில்தான் இருந்தன. இவள் ஒருத்திதான் வளையத்தை விட்டு இறங்கி வந்து, எங்கள் தெருவில் ஒரு சின்ன வீட்டில், மருந்துப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வாழ்ந்தாள்.

அவளை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். எங்கள் பள்ளிவாசலின் அத்திவாரக் கல்லைவிட மூத்தவள். ஆனால் முகம் முப்பது வயதில் நின்றுபோயிருந்தது. சின்னப் பிள்ளையாக நான் அவளை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டேன். என் வயது அவள் முகத்தை எட்டிப் பிடித்த காலத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சில வருஷம் ஒன்றும் சொல்லாமலே சமாளித்தேன். பிறகு தங்கச்சி ஆனாள். என் தலை நரைத்தபின், ஊரிலுள்ள கிழவிகள் எல்லோரையும் போல நானும் மகள் என்றேன். எப்படிக் கூப்பிட்டாலும் ஒரே மாதிரி "ஓம்" என்று திரும்புவாள். மகள் என்றால் மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகத் திரும்புவாள்.

இந்தக் கேட்டுக் கேட்டுச் செய்கிற பழக்கம் சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும். பேக்கரியில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "பாணை எடுக்கட்டுமா?" என்பாள். "எடுக்கத்தானே மகள் சுட்டு வச்சிரிக்கிறேன்," என்பார் கடைக்காரர். கதிரையில் கிடக்கிற பூனையிடம் கேட்டு, அது எழும்பும்வரை நின்றுகொண்டே இருப்பாள். நான் வாப்பாவின் கருவாட்டு வாடியை எடுத்து நடத்திய காலத்தில், திடீரென்று தூறல் விழுந்தால் காயப்போட்ட மீனை அள்ள நாங்கள் நாலு பக்கமும் ஓடுவோம். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மழையைக் கொஞ்சம் நிப்பாட்டட்டுமா?" என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் பாதி மீன் நனைந்துவிடும். "இதெல்லாம் கேக்கிற விஷயமா?" என்று கத்தியிருக்கிறேன். "ஓம், கேக்கிற விஷயம்தான்," என்பாள். அடுத்த தூறலுக்கும் கேட்பாள்.

கேட்காமல் செய்தால் என்னவாகும் என்பதை வளையத்திலிருந்து வந்த ஒருவன் எங்களுக்குக் காட்டிவிட்டுப் போனான். என்ன நினைத்து இறங்கினானோ, ஒரு காலை நேரம் துறைமுகத்தில் உலாவினான். அங்கே பிறவியிலேயே கண் தெரியாத, ஊரே நானா, அண்ணன், என்று கூப்பிடும் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருப்பார். அவர் விரல் போகிற வேகத்துக்குக் கண்ணுள்ளவர்களின் விரல் போகாது. வந்தவன் அவரைப் பார்த்தான். அவர் கண்களைத் திறந்துவிட்டான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். நன்மை செய்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பான்.

நானா வலையோடு தரையில் விழுந்தார். வெளிச்சம் எல்லாப் பக்கத்தாலும் மேலே விழுகிறது என்று அலறினார். அதற்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. ஊசி எங்கே இருக்கிறது என்று கண் ஒன்று சொல்ல, கை வேறொன்று சொல்லிற்று. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மூலையில் கிடந்தார். அவள் போய் வாசலில் சலாம் சொல்லி, பதில் வந்தபின் உள்ளே போனாள்.

"நானா, திருப்பி எடுக்கட்டுமா?"

அவர் தலையில் கட்டிய துணியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, "பின்னேரம் வரைக்கும் இரிக்கட்டும்," என்றார். மகளைக் கூப்பிட்டு எதிரில் இருத்தி முகத்தைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடலை ஒரு தடவை போய்ப் பார்த்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு, "போதும் மகள், எடுங்க," என்றார். அவள் இன்னொரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகுதான் எடுத்தாள். கிடைத்த கண்ணைத் தூக்கி எறிந்த மடையன் என்று ஊரில் பாதிப்பேர் ஏசினார்கள். நானும் ஏசினேன். மறுவாரம் அவர் பழைய இடத்தில் உட்கார்ந்து பழைய வேகத்தில் வலை பின்னியதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன்.

கேட்டுச் செய்வதாலும் எல்லாம் சரியாகிவிடாது. வளையத்தின் வெளிச்சத்தில் எங்களுக்குப் பிறை தெரிவதில்லை. பிறை காணாவிட்டால் மாதத்தை முப்பது நாளாக எண்ணவேண்டும் என்பதால், மாதா மாதம் முப்பதைப் பூர்த்தி செய்வதே வழக்கமாகிப்போயிருந்தது. ஒரு ரமழான் கடைசியில் கரையில் கூடியவர்கள் வளையத்தைக் கொஞ்சம் அணைக்க முடியுமா என்று அவளிடம் கேட்டார்கள். அவள் தன் ஆட்களிடமும் கேட்டாள். வளையம் அணைந்தது. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் இருண்டு பார்த்திராத மேற்கு வானம் இருண்டது. நகக்கீறலாகப் பிறை. அதைக் கண்ட ஆண்கள் அழுதார்கள். மவ்லவி மட்டும் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வெளிச்சத்தை அணைக்க ஏலுமான ஆளுக்கு ஒரு பிறையை வைக்கவும் ஏலும்," என்றார்.

"நான் வைக்கல்ல, மவ்லவி."

"தெரியும் மகள். ஒங்கள எனக்குத் தெரியும். ஆனா அத சாட்சியாச் சொல்ல ஏலாதே."

அந்த வருஷமும் முப்பதுதான். பெருநாளுக்கென்று அவித்து வைத்த வட்டிலப்ப இனிப்பெல்லாம் ஒரு நாள் காத்திருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. கடலைப் பிடித்திருந்தாலும், ஒரு சாதாரண மனுஷிக்குக் கிடைக்கிற நம்பிக்கை தனக்குக் கிடைக்காது என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது போலிருந்தது. எனக்குத்தான் மனது கேட்கவில்லை.

அவளை நான் கிட்ட இருந்து பார்த்தது மையித்துக் குளிப்பாட்டும் வீடுகளில்தான். ஊரில் எந்தப் பெண் மௌத்தானாலும் அவள்தான் குளிப்பாட்டுவாள். பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவது என் வேலை. விரலை நீட்டினால் கொதிக்கும் தண்ணீரை அவள் விறகு மூட்டித்தான் சூடாக்குவாள். ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன்.

"தண்ணி சுடுறதுக்கு நேரம் எடுக்கட்டும். அதுக்குள்ள வீட்டுக்காரங்க அழுது முடிக்கட்டும்," என்றாள்.

இலந்தை இலை போட்ட தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பாள். பிறகு பலகையில் கிடக்கிறவரிடம் குனிந்து, "மாமி, வலக்கையைத் தூக்குறேன்," என்பாள். சொல்லிவிட்டு உடனே தூக்கமாட்டாள். கொஞ்சம் நிற்பாள். என் கையில் செம்பு கனக்கும்.

"பதில் வராதே, என்னத்துக்கு நிக்கிறீங்க?"

"வராதுதான். எண்டாலும் நிக்கணும்."

ஒரு பின்னேரம் நாங்கள் அப்படிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது புயல் வந்தது. கதவால் பார்த்தால், கடற்சுவர் ஊருக்கு மேலே சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் கலிமாவைச் சொல்லிக்கொண்டு ஒருவரையொருவர் பிடித்தார்கள். அவள் மையித்தின் கையை விடவில்லை. முகத்தை மட்டும் மேற்கே திருப்பி, பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் சொல்வது போல, "கொஞ்சம் பொறுங்க," என்றாள். காற்று நின்றது. வளைந்த தென்னை வளைந்தபடியே நின்றது. முறிந்து விழுந்துகொண்டிருந்த ஓலை கீழே வராமல் அந்தரத்தில் நின்றது. நாங்கள் குளிப்பாட்டி, துடைத்து, கற்பூரம் வைத்து, கபன் துணியிட்டு முடிக்கும்வரை உலகம் அப்படியே நின்றது. முடிந்தபின் அவள் தலையசைத்தாள். கடற்சுவர் நிமிர்ந்தது. ஓலை விழுந்தது. அன்றைக்குத்தான் அவளைப் பார்த்து எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அந்தப் பயம் முழுதாக என்னை விட்டுப் போனதில்லை. எவ்வளவு நேசித்தேனோ அவ்வளவு பயந்தேன்.

தண்ணீர் சூடாகும்வரை காத்திருக்கிற அப்படியொரு நேரத்தில்தான் தன் கதையைச் சொன்னாள். எல்லாமாக நாலைந்து வார்த்தைதான். அவளும் கற்பிட்டிப் பிள்ளைதான். சின்ன வயதில் காய்ச்சல் கண்டு நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். வளையத்து ஆட்கள் மருந்து கொடுத்தார்கள். அவளுடைய உம்மா வாயைத் திறந்து ஒரு தேக்கரண்டி ஊற்றினாள்.

"எங்கட உம்மா என்கிட்டக் கேக்கல்ல. கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேக்கல்ல," என்றாள். விறகைத் தள்ளிவிட்டுவிட்டு, "உம்மாவைக் குளிப்பாட்டினது நான்தான். என்னைக் குளிப்பாட்ட யார் இரிக்கிறா?" என்றாள்.

"நான் இரிக்கிறேன்," என்றேன். அதைச் சொன்ன எத்தனையோ பேரை அவளே குளிப்பாட்டியிருந்தாள் என்பது பிறகுதான் புரிந்தது.

அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். மருந்தை விட்டுவிடவேண்டும், மற்றவர்களைப் போல மௌத்தாகவேண்டும், எங்கள் மையவாடி மண்ணில் ஒரு கபுறுக்குழி வேண்டும். மவ்லவியிடம் போய்ச் சட்டம் கேட்டாள். அவர் கிதாபுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருந்து குடிக்கிறது கடமை இல்ல. நிப்பாட்டுறது மௌத்தைத் தேடுறதும் இல்ல. ஆனா மகள், நீங்க விட்டா கடல் வந்துரும். அது மத்த ஆக்கள்ட உயிர். ஊர் சம்மதிக்கணும்."

எங்களை எல்லாம் விட அவளுக்கு அது நன்றாகவே விளங்கிற்று. ஒவ்வொரு வருஷமும் மாரி மழை தொடங்கியபின் வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது, போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாயிலில் நிற்பாள். நிர்வாகத்தார் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போடுவார்கள். "இந்த வருஷம் குடிக்காம விடட்டுமா?" என்று கேட்பாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருஷம் குடிங்க மகள். அடுத்த வருஷம் பார்ப்போம்," என்பார். பிறகு பிளேன்டியும் வட்டிலப்பமும் வரும். எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்வதற்கும் வட்டிலப்பம் கொடுப்பார்கள். அவள் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, அதே கரண்டியைக் கழுவி, மருந்தை ஊற்றிக் குடிப்பாள்.

என் வாப்பாவின் வாப்பா காலத்திலும் அப்படித்தான். அவருக்கு முந்திய காலத்திலும் அப்படித்தான். நினைத்திருந்தால் எங்கள் எல்லோரையும் ஒரு மூச்சில் ஊதிவிட்டுத் தன் பாட்டில் போயிருக்கலாம். அவள் கேட்டாள். கேட்டதால் எங்களுக்கு இல்லை என்று சொல்ல முடிந்தது. எங்கள் ஊராரைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டை விட்டு ஓடுவது என்றால் என்ன என்று வம்ச வம்சமாக ஞாபகம் வைத்திருக்கிற சனம் இது. ஆனால் அந்த ஞாபகத்தை இன்னொருத்தியின் வாயில் வருஷா வருஷம் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அதை உடைத்தவள் என் உம்மா. அப்போது அவளுக்கு நடக்க முடியாது. மற்றப் பெண்களோடு திரைக்குப் பின்னால் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம். தலைவர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். "அடுத்த வருஷம்" என்று தொடங்குவதற்குள் திரைக்கு இந்தப் பக்கமிருந்து உம்மாவின் குரல் போயிற்று.

"நான் அடுத்த வருஷம் இரிக்க மாட்டேன். அதனால இப்பவே சொல்றேன். ஒரு உம்மா கேக்காமக் குடுத்த கரண்டி. அவ பெத்தவ, பயத்துல குடுத்தா. நாங்க யார், வருஷா வருஷம் குடுக்கிறதுக்கு?"

ஆண்கள் பக்கமிருந்து யாரோ ஒருவர், "வீடு வாசல்?" என்றார்.

"எங்கட ஆக்கள் ஒருகாலம் வடக்கில இருந்து வெரட்டப்பட்டு ஒரு பையோட வந்தவங்க. அவங்களுக்கு ஒருத்தரும் நேரம் குடுக்கல்ல. இந்தப் பிள்ளை நேரம் தருது. கேட்டுத் தருது. களப்புக்கு அந்தப் பக்கம் தில்லையடி மேட்டு நிலம். போவோம்."

பிறகு தலைவர் அழுகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டே, "குடிக்காம விடுங்க மகள்," என்றார். திரையின் ஓரத்தால் நான் அவளைப் பார்த்தேன். வட்டிலப்பத் தட்டு மடியில் இருந்தது. "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கண் தெரியாத நானாவின் மகள்கூடத் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

போன வருஷத்து மருந்தின் வல்லமை அவளிடம் மெல்லத்தான் வடிந்தது; ஊர் பெயர்வதற்கு ஒரு வருஷம் போயிற்று. கதவு நிலைகள், ஓடுகள், கிணற்றுக் கப்பிகள் எல்லாம் களப்பு வழியாகப் படகில் போயின. கேட்டவர்களுக்கு மட்டும் அவள் தூக்கிக் கொடுத்தாள். எங்கள் அடுப்படியைப் புகைபிடித்த சுவரோடு எடுத்துவந்து தில்லையடியில் வைத்தாள். வைப்பதற்கு முன், "இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்பட்டுமா?" என்று உம்மாவைக் கேட்டாள். உம்மா அந்த அடுப்படியில் ஒரு மாதம் இருந்தாள். மௌத்தானபின் அவளைக் குளிப்பாட்டியதும் நாங்கள் மகள் என்று கூப்பிட்டவள்தான். உம்மாவின் வலக்கையைத் தூக்குவதற்கு முன் அவள் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். முகத்தில் கோடு விழுந்தது. முடி நரைத்தது. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். இனி என்னை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். "மகள் எண்டுதான்," என்றேன். கடலும் பாய்ந்து வரவில்லை. முதலில் கற்பிட்டித் தெருக்களில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு என்று மெல்ல மெல்ல வந்தது. அவளுடைய உம்மாவின் கபுறு மூழ்கிய அன்று மட்டும் சோறு வேண்டாம் என்றாள். உம்மாவுக்குப் பக்கத்தில் கிடக்க முடியாது என்பதைத் தெரிந்துதான் ஊரிடம் கேட்டிருந்தாள். வளையத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மேலே போத்தலுக்குக் குறைவில்லை. நான் கேட்டேனா என்றால், கேட்டேன். ஒரே ஒரு தடவை, "இன்னும் ஒரு கரண்டி குடிக்கிறீங்களா மகள்?" என்றேன்.

"கேட்டீங்களே, அது போதும். வேணாம்," என்றாள்.

ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் மௌத்தானாள். தில்லையடியில் இத்தனை சனம் ஒரு வீட்டு வாசலில் நின்றதை நான் பார்த்ததில்லை. எல்லோரும் சலாம் சொல்லிவிட்டு முற்றத்திலேயே நின்றார்கள். யாரும் கேட்காமல் உள்ளே வரவில்லை.

விறகு மூட்டினேன். தண்ணீர் கொதித்துவிட்டது. நாங்கள் அழுது முடிக்கவில்லை. இறக்கி ஆறவைத்து மறுபடியும் ஏற்றினேன். இலந்தை இலை போட்டு, மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். பலகையில் கிடந்தவளிடம் குனிந்தேன். கிழவியின் முகம். என் முகத்தைவிடக் கொஞ்சம் மூத்த முகம்.

"மகள், வலக்கையைத் தூக்குறேன்," என்றேன்.

செம்போடு நின்ற பெண் தண்ணீரை ஊற்றப் போனாள்.

"கொஞ்சம் பொறு," என்றேன்.